பூனையை அழிக்க மறந்தேன்

"நீங்கதான் படத்துல வண்டியெல்லாம் பறக்க விடுறவங்களா?" என்று கல்யாண வீடுகளில் என்னிடம் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மை அதுவல்ல. இருபத்திரண்டு வருட வேலையில் நான் பறக்கவிட்டது கொஞ்சம், அழித்தது ஏராளம். ஹீரோவின் இடுப்பில் கட்டிய கம்பி, கார் கண்ணாடியில் தெரியும் கேமராமேன், நடுக்காட்டுச் சண்டையில் எட்டிப் பார்க்கும் செல்போன் டவர். எங்கள் தொழிலில் இதற்குக் 'கிளீன் அப்' என்று பெயர். பெருக்கித் துடைக்கிற வேலைதான். துடைப்பத்துக்குப் பதில் மவுஸ்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னைவிட அதிகமாக சாஃப்ட்வேர் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒரு பூனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. பாத்திரக்கடை மாடி

எங்கள் ஸ்டுடியோ தி.நகரில் ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது. கடைக்கும் ஸ்டுடியோவுக்கும் முதலாளி ஒருவரே. திருநெல்வேலிப் பக்கத்து முத்தையா அண்ணாச்சி. ஸ்டுடியோவை ஆரம்பித்தது அவர் மகன். இரண்டே வருடத்தில் மகன் கனடாவுக்குப் போய்விட்டான். "தொறந்த கடைய மூடப்பிடாதும்மா" என்று அண்ணாச்சி இதையும் சேர்த்து நடத்தினார். ஷாட் முடிந்ததா என்று கேட்க மாட்டார், "பாலிஷ் போட்டாச்சா?" என்பார். முடித்த ஷாட்டைக் கம்ப்யூட்டர் படமாக்கித் தருகிற 'ரெண்டர்' ஓடிக்கொண்டிருந்தால் போனில் தயாரிப்பாளரிடம், "அடுப்புல இருக்கு, எறக்கிருவோம்" என்பார்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய ஹீரோவின் படம் வந்தது. பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையில் சண்டை. ஹீரோ ஒரு நங்கூரத்தைச் சுழற்றி எறிவார். அது ஆறு கார்களையும் ஒரே சங்கிலியில் கோத்து இழுத்து வானத்தில் வீசும். நங்கூரம் எந்தக் கப்பலுடையது என்று நான் கேட்டதற்கு, "லாஜிக் வேணாம் வசந்தி, வெயிட் வேணும்" என்றார் டைரக்டர்.

கார்கள், நங்கூரம், நெருப்பு எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தவை. சாலை, கடல், மீன் கடைகள் மட்டும் உண்மையாகப் படம் பிடித்தவை. அந்த உண்மைப் பகுதியை 'பிளேட்' என்போம். பிளேட்டில் சாலையோரம் ஒரு மீன்காரம்மா உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பின்னாடி கடை போட்டிருக்கிறவங்களைத் தூக்கிடுங்க. ஜனங்க கண்ணு ஹீரோவை விட்டு நகரக் கூடாது" என்றார் டைரக்டர். தூக்கிவிட்டேன். ஆள், கூடை, அரிவாள்மணை, நிழல் எல்லாம் போய் வெறும் மணல் வந்தது. டிரெய்லருக்கு அவசரம் என்று அண்ணாச்சி இரண்டு முறை மாடியேறி வந்து நின்றதால் மறுபடி ஓட்டிப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

2. குறியீடு

டிரெய்லர் வெளிவந்த மறுநாள்தான் எனக்கே தெரிந்தது. ஆறு கார்கள் வானத்தில் எரிகின்றன. கீழே, இடது பக்கம், ஒரு ஒல்லிப் பூனை வெறுங்காற்றை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. மீன் குடலுக்குக் காத்திருந்த பூனை அது. மீன்காரம்மாவை அழித்த நான் அதை அழிக்க மறந்திருந்தேன்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். ஆனால் ரசிகர்கள் அதற்குள் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். பூனை எமனின் தூதன் என்றார் ஒருவர். ஹீரோவின் செத்துப்போன தம்பியின் ஆவி என்றார் இன்னொருவர். நாற்பது நிமிட வீடியோ ஒன்றில் பூனையின் வாலுக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பேட்டியில் கேட்டபோது டைரக்டர் கண்ணை மூடித் திறந்து, "கவனிச்சவங்களுக்கு நன்றி. அது ஒரு குறியீடு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

படம் வெளிவர ஒன்பது நாள் இருந்தபோது, காலை பதினோரு மணிக்கு எங்கள் ஏசி அறைக்குள் மீன் வாசனை வந்தது. அதன் பின்னால் ஒரு அம்மா வந்தார். இடுப்பில் மீன் கூடை, கையில் செல்போன். பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது. தலைமுடிக்குத் தலைமுடி சுற்றிக் கோடு போட்டு அழித்த முகம் எப்படி மறக்கும்?

"கம்ப்யூட்டர்ல வேலை பண்றவங்க யாரு, நீதானா? என் பேரு ஆரோக்கியம். இத்தப் பாரு" என்று டிரெய்லரை நிறுத்திக் காட்டினார். "இது இன்னா?"

"பூனைக்கா."

"என் பூனை. நெத்திலின்னு பேரு. என் பூனை கீது, நான் எங்க?"

விஷயம் இதுதான். ஷூட்டிங்குக்காகக் கடைகளைக் காலி செய்யச் சொன்னபோது இவர்கள் மறுத்திருக்கிறார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடை இருக்கட்டும், நீங்களும் படத்தில் வருவீர்கள், ஆனால் சத்தம் மட்டும் கூடாது.

"ரெண்டு நாளு, மேடம். கூவாம கொள்ளாம, வெலய வெரல்ல காட்டிக்கினு மீன் வித்தோம். மீன் கடைங்க மொத்தமும் ஊமையா கெடந்துச்சு. படத்துல வரோம்னு எங்க ஏரியாவே மொத ஷோவுக்கு டிக்கெட் எடுத்துட்ச்சு. சர்ச்சு சாமியாருக்கு வேற சொல்லி வெச்சிக்கீறேன். இப்போ பூனை மட்டும் வந்தா, நாளிக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கடைல குந்துவேன்?"

சண்டைக் காட்சிக்கான சத்தமெல்லாம் பிறகு ஸ்டுடியோவில்தான் சேர்ப்பார்கள், கடற்கரையில் யார் கூவியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அழிக்காத பிளேட்டைப் போட்டுக் காட்டினேன். ஆரோக்கியம் அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரீனுக்கு அருகே குனிந்தார். "இது நானா? இப்டியா கூன் போட்டு குந்திக்கினு கீறேன்?" என்றார். பிறகு வலது ஓரத்தைத் தொட்டு, "கறுப்புக் கொடை வெச்சிக்கினு குந்திக்கீறா பாரு, அவ செல்வி. நண்டு விப்பா. வெயிலு ஒத்துக்காது அவளுக்கு" என்றார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இப்படித் துடைத்திருப்பேன், ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. "உங்களை வெச்சிடறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். டைரக்டரைக் கேட்காமல் கொடுத்த வாக்கு அது.

3. அண்டா

வைப்பது சுலபம். ஷாட்டின் மேல் செய்யும் ஒவ்வொரு வேலையும் தனித்தனி 'நோடாக' இருக்கும்; அவரை மறைத்திருந்த நோடை எடுத்துவிட்டால் பழையபடி தெரிவார். எடுத்தேன். பின்னால் நின்று பார்த்த அண்ணாச்சி, "என்னம்மா இது? தலைக்கு மேல ஆறு காரு எரியுது, அவுக பாட்டுக்குச் செதில் எடுக்காவ?" என்றார்.

அவர் கேட்டது சரி. படம் பிடித்தபோது அங்கே காரும் இல்லை, நெருப்பும் இல்லை. இந்த நிலையில் டைரக்டரிடம் காட்டினால் உடனே தூக்கச் சொல்வார். பயப்படுகிற மாதிரி ஒரு சின்ன அசைவு கிடைத்தால் ஒட்டவைத்துக் காப்பாற்றலாம்.

மொட்டை மாடியில் பச்சைத் துணி கட்டி ஆரோக்கியம் அக்காவை உட்காரவைத்தோம். "அக்கா, தலைக்கு மேல கார் பறக்குது. பயப்படுங்க."

"எங்க கடை முன்னாடி லூப் ரோட்டுல தெனம் அப்டித்தான் போறானுங்க" என்று சொல்லி மீனைப் புரட்டினார்.

ஆறு தடவை எடுத்தோம். ஆறிலும் மீன் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. கடைசியில் அண்ணாச்சி பொறுமை இழந்து கீழே போனார். கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அளவில் ஒரு பெரிய அண்டாவைக் கடைப் பையன்கள் இருவரை வைத்து மேலே ஏற்றிவந்தார். சத்தம் போடாமல் ஆரோக்கியம் அக்காவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தன் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டார்.

நான் கத்திவிட்டேன். கடைப் பையன் ஒருவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினான். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆரோக்கியம் அக்கா திரும்பக்கூட இல்லை.

"இன்னா அண்ணாச்சி, கை தவறிடுச்சா?" என்றார்.

அண்டாவில் ஒரு பெரிய நசுங்கல். அண்ணாச்சி அதைத் தடவியபடி, "இவுக பயப்பட மாட்டாவ. நமக்குத்தான் பாத்திரம் போச்சு" என்றார்.

4. டைரக்டர் முதலிலேயே நினைத்தது

மறுநாள் டைரக்டர் வந்தார். வாய்க்கு வந்த தைரியத்தில் நானே ஆரம்பித்தேன்.

"பூனை எதைப் பார்க்குதுன்னு ஊரே கேக்குது சார். படத்துல அதுக்கு பதில் என்ன?"

"அதான் குறியீடுன்னு சொல்லிட்டேனே."

"படத்துல வேற எங்கயுமே பூனை வரலையே சார். தியேட்டர்ல கத்துவாங்களே."

அவர் முகம் மாறியது. அந்த நேரம் பார்த்து ஆரோக்கியம் அக்கா இருக்கும் ஷாட்டை ஓடவிட்டேன். கார்கள் பறந்தன, நெருப்பு விழுந்தது, அவர் செதில் எடுத்தார், பூனை அவரையே பார்த்தது. டைரக்டர் மூன்று முறை பார்த்தார்.

"இவங்க ஏன் பயப்படல?"

"அண்டாவையே போட்டுப் பாத்துட்டேன் சார்" என்றார் அண்ணாச்சி, பக்கத்தில் நின்றவர். "அசைய மாட்டக்காவ."

டைரக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணை மூடித் திறந்தார். "ஹீரோ இருக்கிற வரைக்கும் தன் மேல எதுவும் விழாதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையத்தான் பூனை பாக்குது" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "நான் முதல்லயே இதைத்தான் நெனச்சேன். யாரு இவங்களைத் தூக்கினது?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

முதல் ஷோவுக்கு ராயப்பேட்டையில் ஒரு தியேட்டர். நான்கு வரிசை முழுக்கப் பட்டினப்பாக்கம்தான். ஆரோக்கியம் அக்கா எனக்கும் அண்ணாச்சிக்கும் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். நங்கூரம் சுழன்று கார்கள் எழும்பியதும் வழக்கமான கைதட்டல். அடுத்த நொடி, நெருப்புக்கு நடுவில் ஒருத்தி நிதானமாக வஞ்சிரம் வெட்டுகிறாள். தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது. ஹீரோவுக்கு அன்று அப்படி ஒரு விசில் விழவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆரோக்கியம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், என் கையைப் பிடித்து அழுத்தினார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த விருது அதுதான் என்று நினைத்தேன்.

அப்போது பின் வரிசையிலிருந்து மெதுவாக ஒரு குரல் கேட்டது.

"யக்கா, என் கொடை வரல?"

திரும்பினேன். நடுத்தர வயதுப் பெண், மடியில் ஒரு கறுப்புக் குடை. தன்னை எல்லோருக்கும் அடையாளம் காட்டுவதற்காகத் தியேட்டருக்கே எடுத்து வந்திருந்தார். செல்வியை நான் வேறொரு நோடில் அழித்திருந்தேன். அதை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் இரண்டு நாள் விரலால் விலை காட்டி நண்டு விற்றவர்தான். ஆரோக்கியம் அக்கா என் கையை விட்டார்.

இன்று என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்கள் கிளீன் அப் ஷாட் வந்ததும் முதலில் ஒரு பட்டியல் எழுத வேண்டும். அழிக்கப்போவது யார், என்ன செய்துகொண்டிருக்கிறார், எங்கே இருக்கிறார். பூனை இருந்தால் பூனையும். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆனால் எழுதுகிறார்கள்.

அந்தப் படம் ஓடிடிக்குப் போகும் முன் சில ஷாட்டுகளைத் திருத்தித் தரச் சொன்னார்கள். அவர்கள் சொன்னவற்றில் இந்த ஷாட் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ஆறு கார்களும் எரியும்போது வலது ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். யாரும் கேட்கவில்லை, நானேதான் வைத்தேன்.