எண்ணெய் மெழுகும் என் இடது காலும்

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்.

என் பெண்டாட்டி. கையில் ஐஸ் குச்சியைப் போல ஒரு தட்டை மரக்குச்சி. இடுப்பில் துண்டு.

என் மச்சான். அவளுடைய தம்பி. என்னோடு ஒரே படகில் வேலை.

மச்சான் பெண்டாட்டி. எனக்குத் தங்கச்சி முறை. வாய் ஓயாது.

ஒரு பூனை. மீன் கழுவுகிறோம் என்று நினைத்து வந்தது.

நான். நாற்காலியில், வலது கையை நீட்டிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்டிருந்தோம். மேசையில் கரண்டில் ஓடுகிற சின்னச் சட்டி. அதற்குள் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. என் கையில் உள்ள முடியை எடுப்பதற்கு.

எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டி எட்டு வருஷம் இறால் கம்பெனியில் தோல் உரித்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீர். விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எரியும். கரண்டியால் சாப்பிடுவாள். பிறகு வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் பியூட்டிஷியன் கோர்ஸ் சேர்ந்தாள். விரல் ஆறியது. கையால் சாப்பிட ஆரம்பித்தாள். பரீட்சையில் நூற்றுக்கு அறுபது மார்க் எடுத்தால் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால் பக்கத்தில் ஒரு பார்லரில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இல்லையென்றால் மறுபடியும் இறால். அவ்வளவுதான் விஷயம்.

புருவம் எடுப்பது, முகம் தேய்ப்பது எல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. மெழுகு மட்டும் வரவில்லை. கை நடுங்கும்.

மெழுகை நாமே வாங்க வேண்டும். நான் பைக் ஓட்டிக்கொண்டு கூடப் போனேன். கிளாசில் வைத்திருந்தது தேன் மெழுகு. நம்மூர் வேர்வைக்கு அது சரிப்படவில்லை. தோலில் நிற்காமல் வழியும். இழுத்தால் முடி பாதி வரும், பாதி நிற்கும். எண்ணெய் மெழுகு குறைந்த சூட்டில் உருகும், மெல்லிசாகப் பரவும், குட்டை முடியையும் பிடிக்கும் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார்.

கடை அண்ணாச்சி மூன்று டப்பா எடுத்து வைத்தார். ஒன்று பச்சை. ஒன்று சாக்லேட் வாசம். மூன்றாவது வெள்ளை. அதன் மேல் ஒரு சிப்பி, சிப்பிக்குள் முத்து. பெண்டாட்டி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிரைட்டனிங். முத்துப் பொடி சேர்த்தது.

நான் அந்த டப்பாவை வாங்கிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகக் கடலில் இறங்கிச் சங்கு எடுக்கிறேன். முத்துக் குளித்த அதே கடல்தான். நான் பிறக்கும் முன்பே முத்துக் குளிப்பு நின்றுபோனது. ஒரு முத்தைக் கண்ணால் கண்டதில்லை. இவன் பொடியாக்கி டப்பாவில் அடைத்திருக்கிறான்.

இதைப் போட்டால் வெளுக்குமா என்று பெண்டாட்டி கேட்டாள். அண்ணாச்சி என் கையைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"வெளுக்காதும்மா," என்றார். "செத்த தோலு முடியோட சேர்ந்து வந்துரும். வெயில்ல கறுத்தது லேசாத் தெளியும். ரெண்டு நாள் மினுக்கும். மத்தபடி டப்பாவுல எழுதியிருக்கது கம்பெனிக்காரன் ஆசை."

பெண்டாட்டி திறந்திருந்த டப்பா ஒன்றில் விரலை வைத்து எடுத்தாள். பாகு பதம் பார்ப்பதைப் போல இரண்டு விரலையும் ஒட்டிப் பிரித்தாள். தேன் மெழுகு என்றால் நூல் நூலாக இழுக்கும். இது இழுக்கவில்லை. வெள்ளை டப்பாவே போதும் என்றாள். அண்ணாச்சி ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினார். இதைத் தண்ணீரால் துடைக்கக் கூடாது, எண்ணெயால்தான் துடைக்க வேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெண்டாட்டி மெழுகை எடுத்து என் முன்கையில் தடவினாள். தோசைக் கல்லில் எண்ணெய் தேய்க்கிற மாதிரி. சூடா இருக்கா என்று கேட்டாள்.

"ம்," என்றேன்.

நான் அதிகம் பேசமாட்டேன். தண்ணீருக்கு அடியில் வேலை. வாயில் காற்றுக் குழாய். அந்தப் பழக்கம் மேலே வந்தாலும் போகவில்லை. ஆமாம் என்றாலும் ம். இல்லை என்றாலும் ம். குழம்பு நல்லா இருக்கா என்றாலும் ம். பதினாறு வருஷமாக அவள் அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறாள்.

சரியாக இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். உண்மையில் சுட்டது. நன்றாகவே சுட்டது. துணிப் பட்டையை ஒட்டித் தேய்த்தாள். இழுத்தாள். தங்கச்சி கத்தினாள். பூனை ஓடிவிட்டது. நான் சும்மா இருந்தேன். அத்தான் கல்லு என்று மச்சான் பெருமைப்பட்டான்.

இழுத்த இடத்தில் கொஞ்சம் பிசுபிசுப்பு நின்றது. மச்சான் உதவி செய்கிறேன் என்று ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினான். அண்ணாச்சி சொன்னது அவனுக்குத் தெரியாது. மெழுகு வெள்ளை வெள்ளையாகத் திரண்டு பிசின் ஆகிவிட்டது. படகில் தார் ஒட்டினால் டீசல் போடுவோம், கொண்டுவரட்டுமா என்று கேட்டான். பெண்டாட்டி அவனைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துடைத்தாள். போய்விட்டது. கை மினுங்கியது. அண்ணாச்சி சொன்ன மாதிரி லேசாகத் தெளிந்தும் இருந்தது.

மறுநாள் கடலுக்குப் போனேன். எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் இறங்கினேன். உப்பு கையைப் பிடித்தது. முடி பிடுங்கிய ஒவ்வொரு துளைக்குள்ளும் உப்பு போனது. மெழுகு போட்டால் ஒரு நாள் வெயிலும் உப்புத் தண்ணீரும் ஆகாது என்று பெண்டாட்டியின் கோர்ஸ் நோட்டில் எழுதியிருக்கிறதாம். வெயிலும் உப்புத் தண்ணீரும் இல்லாத நாள் எனக்கு எங்கே இருக்கிறது.

எங்கள் தொழிலில் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மச்சான்தான் பிடிப்பான். அக்காள் தாலி அவன் கையில். அதனால் விடமாட்டான். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் மேலே தூக்கு. நான் மூன்று இழுத்தேன்.

மச்சான் பதறித் தூக்கினான். முகம் வெளுத்திருந்தது. என்ன அத்தான், சுறாவா என்று கேட்டான்.

"கை எரியுது," என்றேன்.

படகில் இருந்தவர்கள் கையைப் பார்த்தார்கள். மற்றக் கையையும் பார்த்தார்கள். "ஏலே, ஒரு கைக்கு மட்டும் கல்யாணமாலே?" என்றான் ஒருத்தன். வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்த ஒரு கேள்வியிலேயே படகு ஓடியது.

மச்சான் அக்காளிடம் சொல்லிவிட்டான். அவள் என் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"நீங்க தாங்கிக்கிடுவீங்க," என்றாள். "நாளைக்கு ஒருத்தி வந்து உக்காருவா. அவ தோலு தாங்காது. சூடு எப்படின்னு நான் யாருகிட்ட படிக்க?"

நான் மற்றக் கையால் கொப்புளத்தை மூடிக்கொண்டேன்.

அப்புறம் தங்கச்சியை உட்கார வைத்துப் பழகினாள். தங்கச்சி குச்சி தொடும் முன்பே கத்தினாள். மெழுகு ஆறிப்போய் இருந்தாலும் கத்தினாள். எதிர் வீட்டுக்காரர் வந்து என்ன அடிதடி என்று கேட்டார். ஒருத்தன் எதற்கும் பேசுவதில்லை, ஒருத்தி எதற்கும் கத்துகிறாள், நான் எங்கே போய்ப் படிப்பேன் என்று பெண்டாட்டி குச்சியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வழி கண்டுபிடித்தது மச்சான். நைலான் கயிறு ஒரு முழம் கொண்டுவந்தான். ஒரு முனையை என் விரலில் கட்டினான். மறுமுனையை அக்காள் இடது மணிக்கட்டில் கட்டினான். தண்ணிக்குள்ள அத்தான் நல்லாப் பேசுவாரு என்றான். ஒரு இழுப்பு, சரி. இரண்டு, சூடு. மூன்று, எடுத்துவிடு.

அது வேலை செய்தது. தடவுவாள். நான் இரண்டு இழுப்பேன். சட்டியைக் குறைத்து, கிண்டி, தன் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்து, மறுபடி தடவுவாள். ஒரு இழுப்பு. இட்லி மாவு பதத்துக்கு மெழுகு கெட்டியானால் சூடு சரி என்று கண்டுபிடித்தாள். முடி போகிற பக்கம் தடவி, எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுக்கக் கூடாது, தோலை ஒட்டியே இழுக்க வேண்டும். இடது கை முடிந்தது. வலது கால் முடிந்தது. கை நடுக்கம் நின்றுவிட்டது. மிச்சம் இருந்தது இடது கால். அதைத் தொடவில்லை. பரீட்சை வந்துவிட்டது.

பரீட்சைக்கு ஆளை நாமே கொண்டுபோக வேண்டும். தங்கச்சி வருவதாக ஏற்பாடு. ஒரு மாதமாக அவளைக் கையில் முடி வளர்க்கச் சொல்லியிருந்தாள் பெண்டாட்டி. நான் சட்டியையும் பையையும் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். மாடிப்படியில் தங்கச்சி முந்தானையை விலக்கிக் கையைக் காட்டினாள். வழவழவென்று இருந்தது.

"காலையில ரேசர் போட்டுட்டேன் மைனி," என்றாள். "பெரிய டீச்சரம்மா வாராங்கல்லா. முடியோட எப்படி நீட்ட?"

பெண்டாட்டி அப்படியே படியில் உட்கார்ந்தாள். உள்ளே பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் தன் விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேன்டின் இடது காலைச் சுருட்டினேன்.

"கால் இருக்கு," என்றேன்.

உள்ளே ஆறு மேசை. ஐந்தில் பெண்கள். பரீட்சை வைக்க மதுரையிலிருந்து வந்த சர்க்கார் மேடம் என்னைப் பார்த்தார். மற்ற ஐந்து மேசையும் சிரித்தன. பெண்டாட்டி பரீட்சை விதி போட்ட தாளை நீட்டிக் காட்டினாள். பதினெட்டு வயது முடிந்த ஒருவர் என்றுதான் போட்டிருந்தது. ஆம்பளை ஆகாது என்று போடவில்லை. மேடம் இரண்டு தடவை வாசித்தார். ஒரு திரையை இழுத்துவிடச் சொன்னார். ஒரு கால் போதும், ஆறு பட்டை என்றார்.

பெண்டாட்டி பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தாள். இது என்ன என்று மேடம் கேட்டார். இவர் பேசமாட்டார், இழுத்துக் காட்டுவார் என்று பெண்டாட்டி விளக்கினாள். மேடம் கயிற்றை வாங்கி மேசை மேல் வைத்தார்.

"பார்லருக்கு வர்றவங்க கையில கயிறு கட்டுவீங்களாம்மா? நீங்க வாயால கேக்கணும். அவர் வாயால சொல்லணும். அதுக்குத் தனி மார்க்."

பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். சமுத்திரத்தில் காற்றுக் குழாய் கழன்றபோதும் எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை.

முதல் பட்டை. சூடு எப்படி இருக்கு என்றாள். சரி என்றேன். இரண்டாவது. சரி. மூன்றாவது. சரி. நன்றாக இழுத்தாள். ஒட்டியே இழுத்தாள். நாலாவதுக்கு முன்னால் கரண்ட் போய் உடனே வந்தது. சட்டி தானாக மேல் சூட்டுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மேடம் ஏதோ கேள்வி கேட்டார். பெண்டாட்டி அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே மணிக்கட்டில் தொட்டுப் பார்க்க மறந்தாள். என் கெண்டைக்காலில் ஒரு கோடு இழுத்தாள்.

சுட்டது.

சொன்னால் மார்க் போகும். சொல்லாவிட்டால் தோல் போகும். தோல் திரும்ப வரும். நான் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். ம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

சூடு எப்படி இருக்கு என்று அவள் கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். அடுத்த கோடு இழுக்கவில்லை. குச்சி கையில் அப்படியே நின்றது. என் வாயையே பார்த்தாள்.

"சுடுது," என்றேன். "ஆறட்டும்."

மேடம் குனிந்து ஏதோ எழுதினார். பெண்டாட்டி முகம் கறுத்தது. ஆனால் எண்ணெயைத் தொட்டு அந்தக் கோட்டைத் துடைத்தாள். சட்டியைக் குறைத்தாள். கிண்டினாள். மணிக்கட்டில் தொட்டாள். மறுபடி கேட்டாள். சரி என்றேன். மிச்ச மூன்று பட்டையும் முடிந்தது. அவசரத்தில் மேசை விரிப்பில் கொஞ்சம் சிந்திவிட்டாள். அதையும் மேடம் எழுதிக்கொண்டார்.

இறங்கும்போது, சொல்லியிருக்கக் கூடாதோ என்று கேட்டேன். அவள் ரெண்டு படி இறங்கித் திரும்பினாள்.

"இத்தனை வருஷத்துல கேட்ட கேள்விக்கு இன்னைக்குத்தான் பதில் சொல்லியிருக்கீங்க," என்றாள். "அதைப் போய் வேண்டாம்னு சொல்லுவேனா?"

மறுநாள் அவள் என்னைக் கடலுக்கு விடவில்லை. வீட்டு நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மச்சான் தனியாகப் போய், என் கால் பியூட்டி பார்லரில் இருக்கிறது என்று படகில் சொல்லிவிட்டு வந்தான். ஒரு காலு அக்காளுக்கு, ஒரு காலு சர்க்காருக்கு என்று அவர்கள் பேசிக்கொண்டார்களாம்.

பதினைந்து நாள் கழித்து மார்க் தாள் வந்தது. பெண்டாட்டி பிரிக்கவில்லை. தம்பியிடம் கொடுத்தாள். அவன் புருவம், முகம் மார்க்கையெல்லாம் தாண்டி, மெழுகு மார்க்கை மட்டும் ஒவ்வொரு வரியாக வாசித்தான். மேசைச் சுத்தம், பத்துக்கு நாலு. கருவி கையாளுதல், பத்துக்கு ஆறு. பட்டை இழுக்கும் முறை, பத்துக்கு எட்டு. எதிரே இருப்பவரைக் கேட்டு, அவர் சொன்னதும் நிறுத்தியது, பத்துக்குப் பத்து. தங்கச்சி கத்தினாள்.

எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு எவ்வளவு என்ற கூட்டுத்தொகை கடைசி வரியில் இருந்தது. மச்சான் அதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அத்தான் ஒரு வார்த்தை கேட்டாத்தான் எடுப்பேன் என்றான்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

விரலை எடுத்தான்.

எழுபத்து மூன்று.