எழுப்பினாலும் எழாத சிப்

வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் நாள் முழுக்க அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கூரியர்காரர்கூட மாடிப்படியில் ஏறும்போதே "அண்ணி, ஒரு கையெழுத்து!" என்று குரல் கொடுப்பார். பெரிய கம்பெனி ஒன்றில் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள், மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பழைய இடத்துக்குத் திரும்ப மனமில்லை. மாடி அறையில் இரண்டு மேசைகளைப் போட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்தாள். வடிவமைப்பதும் எழுதுவதும் அவள். சாமான் வாங்குவது, சிப் பதித்த போர்டுகளைப் பெட்டியில் திருகிப் பூட்டுவது, ஆர்டர் பிடிப்பது கொழுந்தன். கணவனுக்கு வேறு வேலை. இவர்கள் சண்டையில் நடுவராக இருக்க மட்டும் நேரம் ஒதுக்குவான்.

அவர்கள் செய்தது ஒரே ஒரு பொருள். ஊசிமருந்து வைக்கும் குளிர்பெட்டியின் விளிம்பில் ஒட்டுகிற, தீப்பெட்டி அளவுக் கருவி. கதவில் ஒரு காந்தம் இருக்கும். கதவைத் திறந்து போட்டுவிட்டு யாராவது அரட்டையில் இறங்கினால் கருவி கத்தும். பொத்தான் போன்ற சின்ன பேட்டரியில் அது வருடக்கணக்காக ஓட வேண்டும் என்பதால், வேலை இல்லாத நேரமெல்லாம் உள்ளேயிருக்கும் சிப் தூங்கியாக வேண்டும். இந்த விஷயத்தில் அண்ணி மகா கஞ்சம். புதிய புரோகிராமில், பேட்டரி போட்ட அடுத்த நொடியே சிப் தூங்கிவிடும்படி எழுதியிருந்தாள். காந்தம் நெருங்கினாலோ விலகினாலோ மட்டும் கண் விழிக்கும், சற்று நேரம் விழித்திருந்துவிட்டு மறுபடி படுத்துவிடும்.

ஓர் ஆஸ்பத்திரிக்காகச் செய்த போர்டுகள் எல்லாவற்றிலும் புரோகிராம் ஏற்றி முடித்த பிறகு, அங்கிருந்து போன் வந்தது. மாதிரிக்குக் கொடுத்திருந்த கருவி கதவு திறந்த உடனே கத்துவதால் நர்ஸுகள் எரிச்சலடைகிறார்களாம், கொஞ்சம் பொறுத்துக் கத்தட்டும் என்றார்கள். சின்ன மாற்றம்தான். அண்ணி திருத்தி எழுதி, முதல் போர்டை லேப்டாப்பின் கேபிளில் மாட்டினாள். சிப் பதில் தரவில்லை என்று லேப்டாப் சொன்னது. அடுத்ததும் அப்படியே. கேபிளை மாற்றினாள், வேகத்தைக் குறைத்தாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். எதற்கும் மசியவில்லை.

வழக்கமான கடையில் சிப் கிடைக்காததால், இந்த முறை கொழுந்தன் தன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதனின் கடையில் வாங்கியிருந்தான். அண்ணிக்கு அது போதுமாக இருந்தது.

"எந்தக் குப்பையில பொறுக்கிட்டு வந்த? ஒரு தடவைக்கு மேல எழுத முடியல. எல்லாம் போலி."

"அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல அண்ணி."

"அப்ப உன் சிநேகிதனையே வந்து எழுதச் சொல்லு."

கொழுந்தனின் முகம் சுண்டிப்போனது. நேரே கடைக்குப் போனவன், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சிநேகிதனைக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டு வந்தான். வந்தவன் நேரே பெட்டி பூட்டும் மேசையில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை, அண்ணி டீ போடக் கீழே போயிருந்த நேரத்தில், அவன் ஒரு போர்டை எடுத்து மாட்டிப் பார்த்தான்.

"அண்ணி! ஏறிடுச்சு!"

அவள் ஓடி வந்து அடுத்ததை மாட்டினாள். ஏறவில்லை. அதையே அவன் கையில் வாங்கி மாட்டினான். ஏறியது.

"கைராசி அண்ணி. நீங்க அடிக்கிற அடிக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? அன்பா வைக்கணும்."

"சிப்புக்கு அன்பாவது வம்பாவது" என்றாள். ஆனாலும் எரிச்சலோடு அவனையே ஏற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று கவனித்தாள். சில ஏறின, சில முரண்டு பிடித்தன. அவன் செய்வதில் விசேஷமாக எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அன்று கணவனுக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு மூவரும் மேலே வந்தார்கள். தன் கைராசியை அண்ணனுக்குக் காட்ட வேண்டுமென்று கொழுந்தன் மிடுக்காகப் போர்டை மாட்டினான். ஏறவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை.

"சாப்பிட்ட கையில ராசி போயிடுச்சா?" என்று அண்ணன்காரன் சிரித்தான்.

அண்ணி சிரிக்கவில்லை. கொழுந்தனின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில கையில என்னமோ கட்டியிருந்தியே?"

"திருகாணிப் பட்டையா? கை கழுவறதுக்குக் கழட்டி வெச்சேன்."

திருகாணிகள் உருண்டு ஓடாமல் ஒட்டிக்கொள்வதற்காக அவன் கட்டிக்கொள்ளும் பட்டை அது. உள்ளே வரிசையாகக் காந்தங்கள். அண்ணி கீழே போய் அதை எடுத்துவந்து, முரண்டு பிடித்த போர்டின் மேல் ஒருமுறை நகர்த்திவிட்டு விசையைத் தட்டினாள். ஏறியது. நகர்த்தாமல் தட்டினாள். ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தூங்குகிற சிப்போடு கேபிள் பேச முடியாது; காலையில் பட்டையின் காந்தம்தான் அதை எழுப்பியிருக்கிறது. அதை உலுக்கி எழுப்ப ஒரு தனிக் கம்பி வேண்டும். கம்பெனியில் இருந்த போர்டுகளில் அது எப்போதும் இருந்தது, அதனால் அவள் அதைப் பற்றி நினைத்ததே இல்லை. இடம் மிச்சம் என்று தன் போர்டில் அந்தக் கம்பியை விட்டுவிட்டவளும் அவள்தான், பேட்டரி போட்டதுமே தூங்கச் சொன்னவளும் அவள்தான். முதல் தடவை சிப் வெறுமையாக இருந்ததால் தூங்கத் தெரியாமல் விழித்திருந்தது. அவ்வளவுதான்.

"சிப்புல ஒண்ணும் தப்பில்ல தம்பி. நான் எழுதினதுல இருக்கு. வாயில வந்தபடி பேசிட்டேன்."

கொழுந்தன் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குச் சொல்லி என்ன அண்ணி பண்றது? நான் போய் அவனைத் திட்டிட்டேனே."

"நான் வரேன், வா."

குறுகலான கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். சிநேகிதன் தலை நிமிராமல் "சொல்லுங்க மேடம்" என்றான். அண்ணி நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"நேத்து கடை நிறைய ஆள் இருந்தாங்க" என்றான் அவன். "இன்னைக்கு யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்க."

அண்ணிக்குச் சுருக்கென்றது. கொழுந்தன் "போலாம் அண்ணி" என்று முனகினான். அவள் நகரவில்லை. மேசையோரமாக ஒதுங்கி நின்றாள். ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார், பின்னாலேயே கல்லூரிப் பெண்கள் சிலர் வந்தார்கள். அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இவர் குடுத்த சிப்பப் போலின்னு இவரு வாசல்லயே வந்து சண்டை போட்டோம். சிப் சரியாத்தான் இருந்தது. தப்பு என் புரோகிராம்ல."

ஒரு கணம் எல்லோரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ரிப்பேர்காரருக்குத்தான் ஆர்வம் தாங்கவில்லை. "என்ன தப்பும்மா?" என்றார். அவள் விளக்க விளக்க, பெண்களில் ஒருத்தி பையிலிருந்து தன் போர்டை எடுத்து நீட்டி, "எங்களுதும் இப்படித்தான்க்கா மக்கர் பண்ணுது" என்றாள். அதில் காந்தமும் இல்லை தூக்கமும் இல்லை, கேபிளைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். சிநேகிதன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே ஒரு ஸ்டூலைக் காலால் அண்ணி பக்கம் தள்ளினான்.

பட்டையின் உதவியோடு மாலைக்குள் எல்லாப் போர்டுகளிலும் திருத்திய புரோகிராம் ஏறியது. பேட்டரி போட்டதும் சில விநாடி விழித்திருந்துவிட்டு அப்புறம் தூங்கும்படி அதை மாற்றியிருந்தாள். அடுத்து வடிவமைத்த போர்டில் அந்தத் தனிக் கம்பிக்கும் இடம் விட்டாள். கொழுந்தனும் சிநேகிதனும் கொஞ்ச நாள் சாமான் கணக்கு மட்டும் பேசினார்கள், பிறகு பழையபடி கிண்டலும் கேலியுமாக ஆனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது. இப்போது கத்துவது போதவில்லையாம், நர்ஸுகள் காதிலேயே வாங்குவதில்லையாம். "இன்னும் சத்தமாவா?" என்று கேட்டுவிட்டு, அண்ணி லேப்டாப்பைத் திறந்தாள்.