படகின் பின்பக்கம் நின்றவர்

கடல் இல்லாத ஊரில் படகு வரைந்து பிழைக்கிறேன். தென்னூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். "காவிரியிலயே பாதி நாள் தண்ணி இல்ல, இவரு கப்பல் விடுறாரு" என்று கீழ்க்கடைக்காரர் பத்து வருடமாக ஒரே கிண்டலைச் செய்கிறார். நானும் பத்து வருடமாகச் சிரித்து வைக்கிறேன். படகைக் கட்டுவது நான் இல்லை, அதற்குக் கடலோரத்தில் பட்டறைகள் இருக்கின்றன. கேட்பவரின் தேவைக்குத் தகுந்தபடி படகை வடிவமைத்து, அது தண்ணீரில் நின்றால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாகக் காட்டுவேன். அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் சின்ன மாடலும் செய்து கொடுப்பேன். அதோடு என் வேலை முடிந்தது.

படத்தில் ஆள் இல்லாவிட்டால் படகின் அளவு யாருக்கும் பிடிபடாது. அதனால் ஆட்களை வெட்டி ஒட்டுவோம். இன்டர்நெட்டில் கிடைக்கிற ஆட்கள் எல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரர்கள். "இவங்கள்லாம் யாருங்க, நம்ம படகுல?" என்று ஒருவர் கேட்டே விட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போன வருடம் தை அமாவாசை அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போய்ப் படித்துறையில் நின்றுகொண்டேன். வேட்டி, புடவை, தோளில் துண்டு என்று தண்ணீர் ஓரமாக இயல்பாக நிற்கும் ஆட்கள் அத்தனை பேர் ஒரே இடத்தில் வேறு எங்கே கிடைப்பார்கள்? யாரிடமும் கேட்கவில்லை. போனில் நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். அவர்கள் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படங்களிலிருந்து இருபது பேரைத் தேற்றினேன். சுற்றியிருந்த படி, கூட்டம், ஆறு எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆளை மட்டும் தனியாக எடுத்து வைத்தேன். அதில் ஒருவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஐம்பது வயதிருக்கும். இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எந்தப் படகில் நிறுத்தினாலும் அந்தப் படகு நம்பும்படியாக ஆகிவிடும். அடுத்து செய்த படங்களில் எல்லாம் அவர்தான் பின்பக்கம் நின்றார். மாடலுக்கும் அதே தோரணையில் களிமண்ணில் ஒரு ஆளைப் பிடித்து, விரல் உயரத்தில் வைத்துவிடுவேன்.

இந்த ஆடியில் ஓர் அம்மா வந்தார். முக்கொம்புக்குப் பக்கத்தில் அவருக்கு வாழைத்தோப்பும், அதற்குள் விருந்தினர்கள் தங்க நாலு அறையும் இருக்கின்றன. தோப்புக் குளத்துக்குக் கூரை போட்ட சின்னப் படகு ஒன்று வேண்டும் என்றார். நெற்றியில் பொட்டு இல்லை. "ஆத்துல விடுறதுக்கு இல்ல தம்பி. குளத்துக்கு மட்டும். இடுப்பளவு தண்ணிதான்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆடி வெள்ளத்தில் கணவர் கொள்ளிடத்தில் போய்விட்டதாகவும், பாலத்தடியில் ஸ்கூட்டரும் செருப்பும்தான் கிடைத்தன என்றும் அவரே சொன்னார். நாலு நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லையாம். தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் முடித்தார்களாம்.

இரண்டு வாரம் கழித்து மாடலைப் பார்க்க வந்தார். மேஜையில் வைத்துத் துணியை எடுத்தேன். கூரை, இருக்கை, துடுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குனிந்து பின்பக்கத்தையே பார்த்தார்.

"இந்த ஆளு ஏன் இப்படி நிக்கிறாரு?"

"சும்மா அளவுக்கு வச்சதுக்கா."

"இல்ல, கைய ஏன் இப்படி வச்சிருக்கீங்கன்னு கேக்குறேன்."

குரல் சரியில்லை. பேச்சை மாற்றலாம் என்று கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தேன். பச்சைக் குளம், வாழை, வெள்ளைப் படகு. அதில் அவர் நின்றார். அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெருசு பண்ணுங்க" என்றார். பண்ணினேன். இன்னும் என்றார். திரை முழுக்க அந்த முகம் வந்தது.

"எங்க வீட்டுக்காரரு" என்றார்.

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஒன்றரை வருடமாக நான் செய்த ஒவ்வொரு படகிலும் ஏறி வந்தவர். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. உயிரோடு இருந்தபோது எப்போதோ எடுத்த படமாக இருக்கும், அவ்வளவுதானே? அதைத்தான் அந்த அம்மாவும் கேட்டார்.

"எப்ப எடுத்தீங்க தம்பி?"

வாயைத் திறந்த பிறகுதான் கணக்கு உறைத்தது. "போன வருஷம்... தை அமாவாசை."

"இருக்காது. அப்ப அவரு போயி ஒன்றரை வருஷம்."

"வேற யாராவது இருக்கும்க்கா. ஒரே மாதிரி..."

"முப்பது வருஷம் பாத்த முகம். முழுப் படம் இருக்கா?"

இருந்தது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்பது இந்த அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும், அதை மறைக்க நான் யார்? பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்துச் செருகினேன்.

நான் அழித்த எல்லாமே அதில் அப்படியே இருந்தன. படிகள், கூட்டம், காவிரி. அவர் ஒரு தூணை ஒட்டி, கையை அதே மாதிரி வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். எங்கே பார்க்கிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் பார்த்த இடத்தில், கீழ்ப்படியில், ஒரு பையன் குனிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் முதுகைக் காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் அதே நரைத்த கொண்டை.

"என் பையன்" என்றார். விரலை நகர்த்தித் தன் முதுகைத் தொட்டார். "அவருக்குத்தான் தர்ப்பணம் கொடுத்துக்கிட்டு இருக்கோம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. படத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"எவ்வளவு தூரம் இருக்கும் தம்பி?"

அளவெடுப்பது என் தொழில். கேட்டதும் கை தானாக வேலை செய்தது. படிக்கல்லின் அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். "எட்டடி இருக்கும்க்கா."

"எட்டடி" என்றார்.

"இந்தப் படத்தைப் போலீஸ்ல கொடுக்கலாம்க்கா. ஸ்ரீரங்கத்துலதான் எங்கயாவது இருப்பாரு. தேடினா கெடைச்சிருவாரு."

அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மாடலின் பின்பக்கம் இருந்த களிமண் ஆளை மெதுவாகப் பிடுங்கி மேஜைமேல் படுக்க வைத்தார்.

"நாங்க வீடு மாறல தம்பி, நம்பரும் மாத்தல. எட்டடி எடுத்து வைக்காத மனுஷனை எங்க போயி தேடுறது?"