நாயாற்றங்கரையில் ஒரு கலியாணப் படம்

மாரிக்கால மாலை. நாயாற்றுப் பாலத்தருகே தேநீருக்காக எங்கள் வான் வண்டி நிற்கிறது. களப்புக் கரையில் ஒரு கலியாணக் கூட்டம். தேவாலயத்திலிருந்து நேரே வந்திருக்கிறார்கள். கருமுகில் சூரியனை மூடுவதற்குள் படமெடுத்துவிட வேண்டும் என்று படப்பிடிப்பாளர் அவசரப்படுகிறார். மணமக்களை மட்டும் தண்ணீரோரம் வரச் சொல்கிறார். மணப்பெண்ணோ பிளாஸ்டிக் கதிரையில் அமர்ந்திருக்கும் தகப்பனுக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

"ஏனம்மா, மகள் படத்துக்குப் போகேல்லையோ?" என்று பக்கத்தில் நிற்கும் தாயிடம் கேட்கிறேன்.

"சீனி வருத்தத்தால அவருக்குக் கண்பார்வை போகுது, தம்பி. நல்ல வெயிலுக்குத்தான் கொஞ்சம் தெரியும். சேர்ச்சுக்குள்ள இவளின்ரை முகம் தெரியேல்லையாம். வெளிச்சம் இருக்கேக்க அப்பா முதல்ல பாக்கட்டும் எண்டு நிக்கிறாள்."

முகில் சற்று விலகுகிறது. வெயில் அவள் முகத்தில் விழுகிறது.

"அப்பா, தெரியுதா?"

"ஓம் பிள்ளை. நல்ல வடிவா இருக்கிறாய்."

அவருடைய கண்கள் அவளை விட்டு விலகி, இடப்பக்கத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மணப்பெண் வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, அவர் பார்க்கும் இடத்துக்கு மெல்ல நகர்ந்து போய் நின்று சிரிக்கிறாள்.