எட்டு எண்கள்

கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடி அறைகள் இரண்டையும் சீசனில் வாடகைக்கு விடுவேன். தங்க வருகிறவர்கள் நச்சரித்ததால் வைஃபை போட்டேன். ரௌட்டரை மாட்ட வந்தவர், "பாஸ்வேர்டு இல்லாம விட்டா தெருவே உங்க நெட்டுல ஓடும்மா. நம்பரோ எழுத்தோ, குறைஞ்சது எட்டு வேணும். வெரசா சொல்லுங்க," என்றார். மனப்பாடமாக இருந்த எட்டு எண்கள், என் கணவர் இறந்த தேதி மட்டும்தான். அதையே அடித்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதை நானே சொல்ல வேண்டிவரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

மே மாதம் முழுக்கச் சொன்னேன். பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்டார்கள். முதல் வாரம் சொன்ன கையோடு கீழே இறங்கிவிடுவேன். பிறகு எரிச்சல்தான் வந்தது. எனக்கு மாற்றத் தெரியாது. மாட்டியவரைக் கூப்பிட்டால் காரணம் கேட்பார்.

குடும்பத்தோடு வந்திருந்த மதுரைக்காரர் ஒருவர் எண்களைத் தட்டிக்கொண்டே, "தேதி மாதிரி இருக்கே. யாரு பொறந்த நாளுங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரரு நாளுங்க."

"அப்ப அன்னைக்கு வந்தா சாப்பாடு உண்டுன்னு சொல்லுங்க."

என் கணவரின் நினைவு நாளில் யார் வந்தாலும் இலை போடுவது எங்கள் வழக்கம்.

"உண்டுங்க," என்றேன். "பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க."