குடிக்காத குடிகாரனின் சாட்சி

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், ஆம்பூரில் தொடங்கியது இது. என் மனைவி கண்ணை மூடி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரே மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். நான் ஷூ கம்பெனியில் தோலைப் பார்த்துத் தரம் பிரிக்கிற பிரிவில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க மெஷின் சத்தமும் ஆள் சத்தமும். சாயங்காலம் வந்தால் காலையில் நான் பூட்டிய பூட்டை நானேதான் திறக்க வேண்டும். ஒருத்தனுக்குச் சமைக்கிற அளவு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கிரிக்கெட்டும் புரியாது. ஆனாலும் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று டிவியில் அதைத்தான் போட்டு வைப்பேன்.

ஞாயிறு ஆலயத்தை விட்டால், வெளியே போக எனக்கு இருந்த ஒரே இடம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். வாரம் ஒருவர் வீட்டில் நடக்கும். பாட்டும் வசனமும் ஜெபமும் முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தன்னை எப்படி மனந்திரும்ப வைத்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். ஒருவர் சூதாடி வீட்டைத் தொலைத்தவர். ஒரு அம்மா விஷம் குடிக்கப் போனவர். எல்லோரிடமும் இரட்சிக்கப்பட்ட தேதி இருந்தது. பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். என்னிடம் தேதி கிடையாது. கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம், ஞாயிறு தவறாமல் ஆலயம், வாயில் வெற்றிலைகூடப் போட்டதில்லை. "பிரதர், நீங்க எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" என்று யாராவது கேட்டால் தரையைப் பார்ப்பேன்.

சாட்சி சொன்னவரைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுவார்கள். தோளைத் தட்டுவார்கள், கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். நான் டீ டம்ளரோடு செருப்புகள் கிடக்கிற வாசல் பக்கம் நிற்பேன். மனைவி போனபிறகு என்னை யாருமே தொட்டதில்லை என்பது ஒருநாள் அப்படி நிற்கும்போதுதான் உறைத்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் எழுந்து நின்றேன். மனைவி இறந்ததும் குடிக்கு அடிமையாகிப் போனேன் என்றேன். ஒரு மத்தியானம் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தில் நின்றபோது, என் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டது என்றேன். பாட்டிலை ஆற்றுத் தண்ணீரில் வீசினேன், அன்றோடு விட்டேன் என்றேன். பாலாற்றில் தண்ணீர் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் அழுதார்கள். கூட்டம் நடத்துகிற பெரியவர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்தக் கையின் சூட்டில் எனக்கும் அழுகை வந்தது. அந்த அழுகை மட்டும் பொய் இல்லை.

பிறகென்ன, ராஜ மரியாதைதான். இரண்டு வீட்டிலிருந்து குழம்பு வந்தது. வேறு தெருக்களின் கூட்டங்களிலும் வந்து சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். சொல்லச் சொல்ல, கதையில் வரும் பாலத்தில் மழைத் தூறலும் சேர்ந்துகொண்டது. மனசு உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. ஆண்டவருடைய நாமம்தானே மகிமைப்படுகிறது என்று சொல்லி அதன் வாயை அடைத்தேன்.

எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் ஒரு பெண் வேலை செய்கிறது. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும். நான் அதோடு பேசியதில்லை. அந்தப் பெண் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடிக்கொண்டு வந்து நின்றது. ஜெபக்கூட்டத்துக்கு வருகிற யாரோ என் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

"உங்க சாமி ஒரே நாள்ல உங்கள உட வெச்சிச்சாமே. எங்க வூட்டுக்காரருக்கும் வந்து சொல்லுங்கணா. கொழந்தைங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எத்தனையோ சாக்கு சொன்னேன். தினமும் வந்து நின்றது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒடுகத்தூர் பஸ் ஏறினேன்.

அதன் புருஷன் சின்ன வயசுக்காரன். நான் வருகிறேன் என்று குளித்து, வெளுத்த சட்டை போட்டு, காலையிலிருந்து குடிக்காமல் காத்திருந்தான். மனைவி கொடுத்த டீயை அவனால் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்தபடியே கேட்டான்.

"உட்ட அன்னிக்கி உங்களுக்கு இன்னா பண்ணிச்சிணா? நான் உட்டப்போ ஒடம்பு மேல பூச்சி ஊர்றா மாரி இருந்துச்சி. கை காலெல்லாம் இழுத்துக்கிச்சி. தாங்க முடியாம மறுபடியும் போய்ட்டேன்."

எனக்கு என்ன தெரியும்? அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "அப்ப உங்கள அந்தச் சாமிக்குப் புடிச்சிருக்கு. என்னியப் புடிக்கல போல."

என் வேலையே தோலில் குறை பார்ப்பது. தோல் விற்கிறவர்களில் சிலர் வடுவின் மேல் சாயத்தைப் பூசி மறைத்து அனுப்புவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஷூவாக இழுத்துத் தைக்கும்போது சரியாக அங்கேதான் வெடிக்கும். இத்தனை வருடம் அதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து ஒதுக்கிய நானே, சாயம் பூசிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் குழம்புக்கும் நாலு பேர் கைச் சூட்டுக்கும் சொன்ன பொய், ஒருத்தனைக் கடவுளுக்கே தன்னைப் பிடிக்காது என்று நினைக்க வைத்துவிட்டது.

"தம்பி, நான் குடிச்சதே இல்ல. சொன்னதெல்லாம் பொய். சாமி மேல தப்பு இல்ல," என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. திட்டவில்லை. நீங்கள் வருவதாகப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்தேனே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அவன் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான். வீட்டில் பேச ஆள் இல்லை என்றேன். வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை. கை கால் இழுக்கிறதென்றால் வீட்டில் இருந்தபடியே குடியை விடக்கூடாது, டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று நர்ஸாக இருந்த என் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன், நானே கூட வருகிறேன் என்றும் சொன்னேன். ஜெபம் பண்ண எனக்கு முகம் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் கூட்டமே இல்லை. பாவ அறிக்கை ஜெபத்தை ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து சொல்கிறவன் நான். அன்று காலையிலும் சொன்னேன். அதில் வருகிற பாவி நான்தான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சூதாடியவருக்கும் குடித்தவருக்கும் துணையாக நானும் கூடச் சொல்கிறேன் என்றே நினைப்பு. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஆண்டவரே நான் பொய்யன் என்றேன். குரல் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் காட்ட என் கையில் ஒன்றுமே இல்லை, நல்லவன் என்ற பெயர்கூட இல்லை, அவராக மன்னித்து ஏற்றுக்கொண்டால்தான் உண்டு என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் அவர்மேல் சாய்ந்தேன். சின்ன வயதிலிருந்து விசுவாசம் என்று மனப்பாடம் செய்தது இதைத்தானா என்று வெட்கமாக இருந்தது.

வருத்தப்பட்டதோடு விட்டுவிட முடியாதே. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எழுந்து, நான் சொன்ன சாட்சி பொய் என்று சொன்னேன். யாரும் அழவில்லை. பெரியவர் அவசரமாக முடிவு ஜெபம் செய்தார். டீ வந்தது. கொடுத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழையபடி செருப்புப் பக்கம் போய் நின்றேன். குழம்பும் நின்றுவிட்டது. முன்பாவது நல்ல மனுஷன் என்று நாலு பேர் வணக்கம் சொல்வார்கள், இப்போது அதுவும் போயிற்று.

பொங்கல் முடிந்து ஒருநாள் அந்தப் பெண் மறுபடி வந்தது. அதுவரை என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"ஆஸ்பத்திரிக்கு வர்றேன்றாரு. உங்க கூடன்னாதான் வருவாராம்," என்றது. ஏன் என்றேன். "எங்களாண்ட வந்து தம்மேலதான் தப்புன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான்னாரு."

வேலூருக்குக் கூட்டிப்போனேன். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறோம். விட்டான், நடுவில் விழுந்தான், மறுபடி விட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்காருவான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

ஜெபக்கூட்டத்துக்கு இன்னும் போகிறேன். புதிதாக வந்த ஒருவர் போன மாதம், நீங்கள் எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள் என்று கேட்டார். சொல்ல இப்போது எனக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஒடுகத்தூரிலிருந்து திரும்பிய அந்த ஞாயிறு. சொன்னால் அழுவார்கள், சுற்றி வருவார்கள், தோளைத் தட்டுவார்கள். அந்த ருசி எனக்குத் தெரியும். அதனால் தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு இந்தப் பத்திரிகையில் எழுதுவதும் அதனால்தான். சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது, என்னைப் பற்றிய உண்மை முழுக்கத் தெரிந்தும் என்னைத் தள்ளாத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பல நாள் அது போதுமாக இருக்கிறது, சில நாள் டிவியும் வேண்டியிருக்கிறது.