அத்தானுக்கு அளந்த தண்ணீர்

இந்த நினைவு மலரில் என் அத்தானைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் பலர் உண்டு. அவருடைய தம்பி பட்டதாரி. அவருடைய ஆபீஸ் முதலாளி மேடையில் பேசிப் பழகியவர். இருந்தும் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஹார்பர் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருக்கும் என் கையில் அக்கா பேனாவைக் கொடுத்துவிட்டாள்.

"மத்தவங்க எழுதுனா அவங்களப் புனிதராக்கிருவாங்க. நீயே எழுதுலே. ஆனா கேலி பண்ணாத" என்றாள்.

இரண்டில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியும் என்பது உறவினர்களுக்குத் தெரியும். மச்சினன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அத்தான் பிறந்தது வேம்பாரில். அவருடைய அப்பா உப்பளத்தில் மூட்டை தூக்கினார், அம்மா அதே அளத்தில் உப்பு வாரினார். பள்ளிப்படிப்பை முடித்ததும் அத்தான் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்து, ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்தார். கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களைத் தூக்கிக்கொண்டு சுங்க அலுவலகத்துக்கும் துறைமுக வாசலுக்கும் ஓடுவதுதான் வேலை. உட்கார வைத்து இரட்டைச் சம்பளம் கொடுத்திருந்தாலும் அவர் தாங்கியிருக்க மாட்டார். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாத மனிதர். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் காலை ஆட்டிய ஆட்டத்தில் ஸ்டூலில் இருந்த காபி தளும்பிப் புதுவேட்டியில் கொட்டியது.

"மாப்பிள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சோ?" என்று எங்கள் அப்பா கேட்டார்.

"இல்ல மாமா, நான் சைக்கிள்லதான் வந்தேன்" என்றார் அத்தான். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு என் அக்காவைக் கொடுத்ததாக அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரியும் டிரெய்லரும் வரிசை கட்டி நிற்கும். நாள் முழுக்க அந்தப் புகையில் கிடந்ததாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அத்தான் லாரி போகாத பாதையாகத் தேடிப் போவார். உப்பளங்களுக்கு நடுவே ஓடும் மண்பாதை, மாப்பிள்ளையூரணிக்குப் பின்னால் உடைமரங்களுக்கு ஊடே வளைந்து போகும் தடம், கோரம்பள்ளம் குளத்துக்கரை. எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது வடகால் கரை. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாய் அது. ஒருபக்கம் ஓடும் தண்ணீர், மறுபக்கம் வாழைத்தோட்டம். எதிரே யாராவது வந்தால் அது ஒரு டிவிஎஸ் வண்டியும் அதன் பின்னால் கட்டிய புல்லுக்கட்டுமாக இருக்கும். அந்தக் கரையில் போகும்போதும் அவர் நிதானமாகப் போனதில்லை. அடுத்த மதகு, அதற்கடுத்த பாலம் என்று போய்க்கொண்டே இருப்பார்.

நாற்பது வயதைத் தாண்டியதும் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்தாள், பொருந்தவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. ஊசி குத்திய கையை அசைக்காமல் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அத்தானைக் கட்டிப்போட இந்த உலகத்தில் அந்த மெஷினால் மட்டும்தான் முடிந்தது.

அதைவிடப் பெரிய கஷ்டம் தண்ணீர். குடிப்பது வெளியேறாமல் உடம்பிலேயே தேங்கும். மிஞ்சினால் நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான். காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். காலையில் அக்கா அளந்து மேசையில் வைப்பாள். அத்தான் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் முதலில் எடை பார்ப்பார்கள். கூடிய எடை என்பது குடித்த தண்ணீர். அந்த எடை மெஷினிடம் பொய் சொல்ல முடியாது.

இந்த நிலையிலும் அவர் சைக்கிள் கேட்டார். படுத்தால் கால்கள் தாமாக உதறும், அது இந்த நோயோடு வருவது என்றார் டாக்டர். சைக்கிள் மிதித்த அன்று மட்டும் அவை அடங்கும். அதோடு, வியர்த்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே போகும், ஒரு மடக்கு கூடுதலாகக் குடிக்கலாம். "வேர்வைய வித்து தண்ணி வாங்குத வியாபாரம் மாப்ள, நஷ்டமே கிடையாது" என்பார். வண்டி நடமாட்டம் இல்லாத பாதையில், வெயில் ஏறுமுன், மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சம்மதித்தார்.

அக்கா சம்மதிக்கவில்லை. "ஆளே இல்லாத ரோட்டுல விழுந்தா யாரு தூக்குவா?" என்றாள். கடைசியில் இரண்டு நிபந்தனை போட்டாள். நான் பின்னாலேயே இன்னொரு சைக்கிளில் போக வேண்டும். எடை ஒரே ஒரு முறை எல்லை தாண்டினாலும் சைக்கிளுக்குப் பூட்டு, சாவி அவளிடம். அத்தான் தலையாட்டினார். அதன்பிறகு அவர் மாத்திரையை மறந்தாலும் அந்தச் சாவியை மறந்ததில்லை.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களை நீங்கள் அறிவீர்கள். வெயிலில் வருகிறவனைப் பார்த்தால் வாசலில் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார்கள். டவுனில் எல்லோரும் அத்தானைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கி "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். வடகால் கரையில் யாருக்கும் அவர் நோயாளி என்று தெரியாது. அங்கே அவர் சைக்கிளில் வரும் ஒரு அண்ணாச்சி, அவ்வளவுதான். அதைக் காப்பாற்ற முழுக்கைச் சட்டை போட்டு அந்தக் கையை மறைத்துக்கொண்டார். ஆகவே நீட்டிய சொம்பையெல்லாம் வாங்கி என்னிடம் தருவார். "முதல்ல இவன் குடிக்கட்டும், சின்னப்பய" என்பார். நான் காலி செய்து கொடுப்பேன். நோய் அவருக்கு, வாழைத்தோட்டம் வாழைத்தோட்டமாக ஒதுங்கியது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் செயின் கழன்று நான் பின்தங்கிவிட்டேன். மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, கால்வாய்ப் படித்துறையை அடுத்த ஒரு சின்ன வீட்டு வாசலில் அத்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே மாரியம்மாள் என்ற பெண், வயது முப்பத்தைந்து இருக்கும், கையில் சொம்போடு நின்றாள். அத்தான் வேண்டாம் என்று சொல்லி முடித்திருந்தார்.

"ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டுத் தண்ணி ஒங்க தொண்டையில எறங்காதோ?" என்று கேட்டாள் அவள்.

எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுத் தண்ணீரை மறுத்தால், மறுத்தவன் சாதி பார்க்கிறான் என்றுதான் பொருள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நான் பாய்ந்து போய், "எனக்குத் தாங்கக்கா, நாக்கு வறண்டு போச்சு" என்று கையை நீட்டினேன்.

அவள் சொம்பைப் பின்னுக்கு இழுத்தாள். "நீங்க ஒண்ணும் அவருக்காவக் குடிக்க வேண்டாம். போங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இதெல்லாம் பழகியதுதான் என்கிற மாதிரிச் சொன்னாள்.

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சைக்கிளை என்மேல் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் சொம்பை வாங்கி அண்ணாந்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சொம்பை முழுதாகக் காலி செய்தார்.

"இன்னும் கொஞ்சம் கொண்டாரட்டா?" என்றாள் அவள், இப்போது சிரிப்போடு.

"போதும்மா. நல்ல தண்ணி" என்றார்.

கரையில் கொஞ்சதூரம் வந்ததும் நான் வெடித்தேன். "என்ன அத்தான் பண்ணுதிய? கோளாறச் சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கலாம் மாப்ள. தப்பிக்கக் கத விடுதான்னு நெனப்பா. அவ மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றார். உள்ளே போன தண்ணீரை வியர்வையாக வெளியேற்றிவிடலாம் என்று நினைத்து, வீட்டுக்குத் திரும்பாமல் உப்பளப் பாதையில் வெயிலோடு மிதித்தார். நான் கத்தியும் நிற்கவில்லை. கடைசியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒரு உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இதையும் சேத்து மூட்டை கட்டிருவோமா அத்தான்?" என்றேன். எனக்குப் பயமாக இருந்தால் வாய் அப்படித்தான் போகும். அவர் சிரித்தார். ஆனால் கண்கள் சைக்கிள் மேலேயே இருந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை எல்லையைத் தாண்டிவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைப் பூட்டினாள். அந்த வாரம் முழுவதும் அத்தான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். காரணத்தைச் சொல்லவே இல்லை. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, எங்க குடிச்சாங்க? டீக்கடையிலயா?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "ஞாயித்துக்கெழம அந்த வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

அந்த ஞாயிறு அவளே பூட்டைத் திறந்தாள். அத்தான் தன் சைக்கிளில் முன்னே போனார். அக்கா என் சைக்கிளின் கேரியரில் ஏறினாள். அவளுடைய எடையை எந்த மெஷினும் பார்க்காமலே நான் சொல்லிவிடுவேன், சொன்னால் இந்த மலர் அச்சாகாது. மாரியம்மாள் வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா நேராகப் போய் அத்தானின் இடது கைச் சட்டையை மடித்துவிட்டாள். கரையில் யாருக்கும் காட்டாத கை. அத்தான் கையை இழுக்கவில்லை.

"தொட்டுப் பாரும்மா" என்றாள் அக்கா.

மாரியம்மாள் தயங்கி ஒரு விரலை வைத்தாள். உள்ளே உர்ரென்று ரத்தம் ஓடியது. "ஆத்தி, மோட்டர் ஓடுத மாதிரில்லா இருக்கு" என்றாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மாரியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏன் அண்ணாச்சி, அன்னைக்கே சொல்ல மாட்டியளா? நான் விஷத்தையா குடுத்தேன்?"

"நீ வேற மாதிரி நெனச்சிட்டம்மா. அப்படி நெனச்சுக்கிட்டு நீ இருக்கதுக்கு, நான் குடிச்சதே மேல்" என்றார் அத்தான்.

பிறகு அக்கா, "எனக்குத் தண்ணி தாம்மா. அவங்க பங்கையும் சேத்தே குடிக்கேன்" என்றாள். ஒரு சொம்பை முடித்து மறு சொம்பும் கேட்டாள். மாரியம்மாள் அத்தானின் துண்டை வாங்கிக் கால்வாயில் முக்கிப் பிழியாமல் கொண்டுவந்தாள். "குடிக்கத்தான கூடாது? நனையலாம்லா?" என்று அவர் தலையில் போட்டாள். திரும்பும்போது அத்தான் முதல்முறையாக மெதுவாக ஓட்டினார். அந்தச் சாவியை அக்கா அதற்குப்பிறகு பயன்படுத்தவில்லை. ஈரத்துண்டு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தது.

போன வருடம் மழைக்குப்பிறகு அத்தானின் இதயம் தளர்ந்தது. சைக்கிள் நின்றது, பிறகு நடை நின்றது. ஒருநாள் டாக்டர் அக்காவை வெளியே அழைத்து, இனி மெஷினில் போட உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கேட்டதைக் குடிக்கக் கொடுங்கள் என்றார். அக்கா பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து தலையைத் தாங்கிக் கொடுத்தாள். அத்தனை வருடத் தாகம் அது. அத்தான் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவள் கையைத் தள்ளினார்.

"இன்னும் குடிங்க. இன்னைக்கு அளவு கெடையாது" என்றாள் அக்கா.

"நெறஞ்சிருச்சு" என்றார். அவருடைய கால்கள் அசையாமல் இருந்தன. நான் அதைப் பற்றி ஏதாவது கேலி சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. இரண்டாம் நாள் காலை, பூசை மணி அடிக்கும் நேரத்தில் போய்விட்டார்.

கையில் வலிக்காமல் ஊசி குத்தப் பழகிக்கொண்ட நர்சுகளுக்கும், ஆஸ்பத்திரி நாட்களில் வேறு சவாரி ஏற்காத ஆட்டோ அண்ணாச்சிக்கும், கடைசி மாதம் வரை சம்பளத்தை நிறுத்தாத முதலாளிக்கும், வேம்பாரிலிருந்து பஸ் மாறி வந்து உடனிருந்த சொந்தங்களுக்கும், அடக்கத்தன்று வாழைக்குலையோடு வந்து பெண்களோடு உட்கார்ந்து அழுத மாரியம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. தண்ணீரை எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இப்போதெல்லாம் அக்கா அளப்பதில்லை.